வேலுக்கு அடியில் இருக்கும் விரிசல்

சரவணா,

நான் காலில் கட்டோடு மருத்துவமனையில் படுத்திருந்த பதினொரு நாளில், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் படகை விற்றுவிட்டாய். அது தவறு. எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் தவறு. பன்னிரண்டடி நீளமுள்ள பழைய பிளாஸ்டிக் படகுதான். ஆனால் அது உன்னுடையதும் இல்லை, சாவியை எடுத்து உன் கையில் கொடுத்த உன் அம்மாவுடையதும் இல்லை. "அப்பாவுக்கு எழுபத்தொரு வயசு, தனியா கடலுக்குப் போறது ஆபத்து" என்று நீ சொன்ன காரணத்தை எனக்கு எதிரில் நின்று சொல்லியிருக்க வேண்டும். நான் கத்தியிருப்பேன். கத்துவதற்காவது எனக்கு உரிமை இருந்தது. இதை முதலிலேயே எழுதி வைக்கிறேன். கீழே நான் எழுதப்போவதைப் படித்துவிட்டு, மகன் செய்தது சரிதானே என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் படகின் பின்புறத்தில், இடது பக்கத்தில், மஞ்சள் பெயின்டில் நான் ஒரு வேல் வரைந்திருக்கிறேன் அல்லவா, அதற்கு அடியில் ஒரு விரிசல் இருக்கிறது. அதை நான் ஒட்டினேன். அது ஒட்டவில்லை. ஒட்டாது என்று எனக்குத் தெரியும். உன்னிடமிருந்து படகை வாங்கியவர், வருகிற சனிக்கிழமை பள்ளி விடுமுறை தொடங்கியதும், தன் மனைவியையும் இரண்டு மகள்களையும் ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போகப்போகிறார். இது நீயே எனக்குச் சொன்ன செய்தி. அவர்கள் கரையை விட்டுத் தூரமாகப் போனால் அந்தப் படகு அவர்களைத் திருப்பிக் கொண்டுவராது. அவர் யார், அவருடைய போன் எண் என்ன என்பது இந்த உலகத்தில் உனக்கு மட்டும்தான் தெரியும். நான் உன்னிடம் சொன்னேன். நீ நம்பவில்லை. "நாலாவது கதையாப்பா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு என் அழைப்பை எடுப்பதே இல்லை. அதனால்தான் இதை ஊரறிய எழுதுகிறேன்.

நீ நம்பாததற்குக் காரணம் நான்தான். அதையும் மறைக்கவில்லை. மருத்துவமனையிலிருந்து நீ என்னைக் கிள்ளான் வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று, வீட்டு வாசல் போர்ச் காலியாக இருந்தது. டிரெய்லர் நின்ற இடத்தில் உன் அம்மா இரண்டு பூந்தொட்டிகளை வைத்திருந்தாள். நான் காரை விட்டு இறங்காமலேயே கேட்டேன், படகு எங்கே என்று. நீ நல்ல செய்தி சொல்வது போலச் சொன்னாய். "நல்ல இடத்துக்குத்தான்பா போயிருக்கு. டெங்கில் பக்கம் ஒரு தமிழரு. ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க. ஸ்கூல் லீவுக்கு மோரிப் பீச் பக்கம் இறக்கப் போறாராம். முருகன் வேலைப் பார்த்ததும் செருப்பைக் கழட்டிட்டுக் கும்பிட்டாருப்பா. அடியில குனிஞ்சிகூடப் பார்க்கல."  அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது வேறு. அந்தப் படகில் பாதி மணியம் அண்ணனுக்குச் சொந்தம், அவரைக் கேட்காமல் விற்க முடியாது, உடனே திருப்பி வாங்கு என்றேன். என்னோடு நாற்பது வருடம் பழகிய மனிதர், எனக்காக ஒரு பொய் சொல்வார் என்று நினைத்தேன். நீ அங்கேயே போன் போட்டாய். "எனக்கா? அதுல ஒரு ஆணிகூட எனக்குச் சொந்தமில்லப்பா. மீன் பிடிச்சா ரெண்டு தருவாரு, அவ்ளோதான்" என்று அவர் சிரித்தது எனக்கே கேட்டது.

இரண்டாவது, லைசன்ஸ் என் பெயரில் இருப்பதால் போலீஸ்காரர்கள் உன்னைத்தான் பிடிப்பார்கள் என்று பயமுறுத்தினேன். நீ விசாரித்துவிட்டு வந்து, எல்லாம் முறைப்படி மாற்றியாகிவிட்டது, என் கையெழுத்தை மருத்துவமனையில் மற்ற தாள்களோடு சேர்த்து வாங்கிவிட்டதாகச் சொன்னாய். அதுவும் நீ செய்த தவறுதான், ஆனால் அதை இப்போது பேசவில்லை. மூன்றாவதுதான் கேவலம். நெஞ்சு வலிக்கிறது, படகைப் பார்த்தால்தான் மனம் ஆறும் என்று மலருக்குப் போன் செய்தேன். என் மருமகள் நல்ல பெண், பதறிப்போய் உன்னிடம் சொல்லியிருக்கிறாள். சாயங்கால நெரிசலில் சுபாங் ஜெயாவிலிருந்து ஒன்றரை மணி நேரம் காரோட்டி நீ வந்து நின்றபோது, நான் கெளுத்தி மீன் வறுத்துத் தட்டில் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். உன் அம்மா உன்னைப் பார்த்து, "வாப்பா, உங்கப்பாவுக்கு நெஞ்சு வலியாம். மூணு துண்டு சாப்பிட்டாச்சு, இன்னும் குறையலையாம்" என்றாள். நீ சிரிக்கவில்லை. வாசலிலேயே நின்று என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாய். அந்தப் பார்வைக்குப் பிறகு நான் எந்த உண்மையைச் சொன்னாலும் அது நாலாவது பொய்யாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆனால் சரவணா, நீ தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலையில் இருப்பவன். யார் சொல்கிறார் என்று பார்க்காதே, என்ன சொல்கிறார் என்று பார். நான் எப்படி அந்தப் படகைக் கெடுத்தேன் என்று முழுசாகச் சொல்கிறேன். பொய் சொல்கிறவன் தன்னை உயர்த்தித்தான் சொல்வான். இதில் என்னை உயர்த்துவது எதுவுமே இல்லை.

வேலை ஓய்ந்த மறு வருடம் அந்தப் படகை வாங்கினேன். காப்பார் பக்கம் மூடிப்போன ஒரு மீன்பிடிக் குளத்தின் பின்னால், லாலாங் புல்லுக்கு நடுவில் கவிழ்ந்து கிடந்தது. பாசி படிந்து, உட்காரும் பலகைகள் உடைந்து, எறும்பு புற்று வைத்துக் கிடந்தது. நீயும்தான் கூட வந்தாய். "இதையாப்பா?" என்றாய். நான் கையால் தட்டிப் பார்த்து, "உடம்பு நல்லா இருக்கு" என்றேன். முப்பத்தெட்டு வருடம் போர்ட் கிள்ளான் பட்டறைகளில் லோரிக்கு உடம்பு பார்த்தவன் நான். ஆறாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. எனக்கு யாரும் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. பக்கத்து ஆள் செய்வதைப் பார்த்து, அவன் கெடுத்ததை நான் திருத்தி, அப்படியே கற்றேன். லோரி பம்பர், முன் மூக்கு, காற்றுத் தடுப்பு எல்லாம் பைபர்தான். விரிசல் விட்டால் கண்ணாடி நார்த் துணி வைத்து ரெசின் பசை பூசி ஒட்டுவோம். நான் ஒட்டியது இன்னும் ரோட்டில் ஓடுகிறது. அந்தத் திமிரோடுதான் படகைத் தொட்டேன்.

நான்கு மாதம் அதோடு கிடந்தேன். பலகைகளை மாற்றினேன். எஞ்சின் மாட்டுகிற பின்பலகையை அலுமினியத் தகடு கொடுத்து இறுக்கினேன். பழைய லோரி இரும்பை வெட்டி டிரெய்லர் செய்தேன். அதில் குறை சொல்ல ஒருவராலும் முடியாது. உன் அம்மா தினமும் காலையில் தேநீரைப் போர்ச் சுவரின் மேல் வைத்துவிட்டு, "உங்க ரெண்டாவது பொண்டாட்டி எப்படி இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போவாள். இடது பக்கம் பின்னால் டிரெய்லர் உருளை தேய்க்கிற இடத்தில்தான் விரிசலைப் பார்த்தேன். ஒரு முழம் நீளம். தலைமுடி அளவுக்கு மெல்லிசு. பாதி நீர்மட்டத்துக்கு மேலே, பாதி கீழே. ரெசின் வாங்க, கடைத்தெருவில் பெயின்டும் பைபர் சாமானும் விற்கிற சீனர் கடைக்குப் போனேன். அவரைப் பல வருடமாகத் தெரியும். படகு என்றதும், சுரண்டி எடுத்த துண்டு இருந்தால் காட்டு என்றார். என் சட்டைப் பையில் இருந்தது. அவர் ஒரு துண்டைத் தண்ணீர்க் கோப்பையில் போட்டார், மிதந்தது. இன்னொரு துண்டை லைட்டரில் காட்டினார். மெழுகுவர்த்தி போல உருகிச் சொட்டியது. "பார்த்தியா அங்கிள்? பைபரா இருந்தா முங்கும், உருகாது, கறுப்பாப் புகையும். இது வேற பிளாஸ்டிக். தண்ணி டேங்க் செய்வாங்களே அது. இதுல ரெசின் ஒட்டாது லா. இதே பிளாஸ்டிக் குச்சி வச்சு, சூடு பண்ணி வெல்ட் பண்ணணும். நான் ஆள் காட்டுறேன்" என்று மலாயில் சொன்னார்.

என் கண்ணால் பார்த்தேன். மிதந்ததையும் பார்த்தேன், உருகியதையும் பார்த்தேன். ஆனால் அந்தக் கடையில் என்னோடு வேலை பார்த்த இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் எதிரில், உனக்குத் தெரியாது என்று ஒருவர் எனக்குச் சொல்லிவிட்டார். "முப்பத்தெட்டு வருஷம் இத ஒட்டித்தான் பிள்ளைய படிக்க வச்சேன், எனக்கே சொல்றியா? ரெசினை எடு" என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு எடுத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து அந்தக் கடை இருக்கும் தெரு வழியாக நான் போவதில்லை. சுற்றிப் போவேன். ஏன் சுற்றிப் போகிறோம் என்று உன் அம்மா கேட்டதற்கு, அங்கே ரோடு தோண்டியிருக்கிறார்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து, விரிசலைச் சுற்றி சேண்ட்பேப்பர் போட்டு நன்றாகச் சொரசொரப்பாக்கி, நார்த் துணி மூன்று அடுக்கு வைத்து ரெசின் பூசினேன். மறுநாள் காய்ந்ததும் ஓரத்தில் நகத்தை விட்டேன். அப்படியே தோல் உரிகிற மாதிரி எழும்பி வந்தது. அப்போதாவது நிறுத்தியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்த ஒட்டு எழும்பாமல் இருக்க, சுற்றிலும் துருப்பிடிக்காத ஸ்க்ரூ பதினாறு அடித்தேன். ஒரு விரிசல் இருந்த இடத்தில் பதினாறு ஓட்டைகளையும் நானே போட்டேன். மேலே தடிமனாக நீலப் பெயின்ட் அடித்தேன். ஸ்க்ரூ தலைகள் மேடாகத் தெரிந்தன. நீ வந்தால் கேட்பாய், இது என்ன என்று. அதை மறைக்கத்தான் அந்த இடத்தில் பெரிதாக ஒரு வேல் வரைந்தேன். பக்தியால் வரையவில்லை. ஒட்டுப் போட்ட இடம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிதாக வரைந்தேன். இலை பாகம் தடிமனாக இருக்கட்டும் என்று மஞ்சள் பெயின்டை இரண்டு முறை பூசினேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நீயே பார்த்தாய். கோயில் வாசலுக்கு டிரெய்லரை இழுத்துப் போய், புதுக் கார் வாங்கினால் செய்வது போலவே பூசை போட்டோம். பூசாரி தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்து ஏற்றச் சொன்னார். பிறகு வேல் படத்தைப் பார்த்துவிட்டு, நான் எதுவும் சொல்வதற்குள், அதன் மேலேயே சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டார். மணியம் அண்ணன் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். உன் அம்மா பூச்சரம் போட்டாள். அன்றிலிருந்து நம் ஆட்கள் யாரும் அந்த இடத்தைக் காலால் உதைக்கவில்லை, கத்தியால் சுரண்டிப் பார்க்கவில்லை, மேலே சாய்ந்துகூட உட்காரவில்லை. ஒரு சீனரோ மலாய்க்காரரோ வாங்கியிருந்தால் முதல் நாளே தட்டிப் பார்த்திருப்பார். உன்னிடம் வாங்கியவர் தமிழர். செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார் என்று நீ சொன்னாயே, அவர் மறுபடி பெயின்ட் அடித்தாலும் அந்த வேல் படத்தை விட்டுவிட்டுச் சுற்றித்தான் அடிப்பார். அதுதான் என்னைச் சாப்பிட விடாமல் செய்கிறது.

அது எப்படி மூழ்கும் என்றும் சொல்லவேண்டும். அந்தப் படகுக்கு இரண்டு சுவர். வெளிச்சுவருக்கும் உட்சுவருக்கும் நடுவில் வெறும் காற்று. அந்தக் காற்றுதான் மிதக்க வைக்கிறது. விரிசல் வெளிச்சுவரில். தண்ணீர் அந்த இடைவெளியில்தான் சேரும். உட்கார்ந்திருப்பவர் காலடியில் ஒரு சொட்டு ஈரம் தெரியாது. எல்லாம் நன்றாக இருப்பது போலவே இருக்கும். மெல்ல மெல்லப் பின்பக்கம் தாழும். எஞ்சின் எடையும் அங்கேதான். ஒரு கட்டத்தில் பின்னாலிருந்து ஒரு அலை ஏறினால் போதும். பின்பலகைக்குக் கீழே ஒரு வடிகால் மூடி இருக்கிறது, திருகினால் கழன்று வரும். ஒவ்வொரு முறையும் கரைக்கு வந்ததும் அதைத் திறந்து தண்ணீரை வடிப்பேன். ஆரம்பத்தில் ஒரு மணி நேரம் போய்வந்தால் ஐந்து நிமிடத்தில் வடிந்துவிடும். கடைசியாகப் போன அன்று, முக்கால் மணி நேரத்துக்கே இருபது நிமிடம் வடிந்தது. கடிகாரம் வைத்துப் பார்த்தேன். அதனால்தான் நான் ஆற்று முகத்துவாரத்தைத் தாண்டிப் போனதே இல்லை. சதுப்பு மரங்களை ஒட்டியே போய் ஒட்டியே வருவேன். நீயும் உன் அம்மாவும், கிழவனுக்குப் பயம், அதனால்தான் சீக்கிரம் வந்துவிடுகிறார் என்று கேலி செய்தீர்கள். நான் மறுக்கவில்லை.

ஆதாரம் வேண்டும் என்றால், போன வருடம் தீபாவளி முடிந்த வாரம் நீ என்னோடு வந்ததை நினைத்துப் பார். நீயும் மணியம் அண்ணனும் நானும். போகும்போது, நீயும் நானும் இரண்டு பேராகவே படகை டிரெய்லரிலிருந்து தள்ளி இறக்கினோம். மீன் நன்றாகக் கடித்தது, நீ விடவில்லை, நேரம் ஒன்றரை மணியைத் தாண்டிவிட்டது. நீ பின்னால் உட்கார்ந்திருந்தாய். கொள்கலன் கப்பல் ஒன்று போனது, அதன் அலை பின்பக்கமாக ஏறி உன் காலில் இருந்த வெள்ளைச் சப்பாத்து நனைந்தது. நான் "முன்னாடி வந்து உட்காருடா" என்று கத்தினேன். கப்பல் அலை என்று சொன்னேன். அந்த மாதிரி அலைகள் அதற்கு முன் நூறு வந்திருக்கும், ஒன்றும் உள்ளே ஏறியதில்லை. அம்மா போன் செய்தாள், போகலாம் என்று சொல்லித் திருப்பினேன். அம்மா போன் செய்யவில்லை. நீ வேண்டுமானால் அவளிடம் கேட்டுப் பார்.

கரையில் மணியம் அண்ணன் டிரெய்லரைப் பிடித்துக்கொள்ள, நாம் இருவரும் இழுத்தும் ஏற்ற முடியவில்லை. பக்கத்தில் நின்ற இரண்டு மலாய் இளைஞர்களைக் கூப்பிட்டோம். நீதான் கேட்டாய், "என்னப்பா இது, போறப்ப ரெண்டு பேரு போதும், வர்றப்ப நாலு பேரு வேணுமா? மீன் அவ்ளோ கனமா?" என்று. நான் சேறு என்றேன். மணியம் அண்ணன், "பையன் ஆபீஸ்ல உட்கார்ந்து உட்கார்ந்து பஞ்சு மாதிரி ஆயிட்டான்" என்று கிண்டல் செய்தார், எல்லோரும் சிரித்தோம். பிறகு உங்கள் இருவரையும் தேநீர் வாங்கிவர அனுப்பினேன். நீங்கள் வருவதற்குள் மூடியைத் திறந்தேன். நீ பிளாஸ்டிக் பையில் தேநீரோடு வந்தபோது டிரெய்லருக்குக் கீழே குளம் மாதிரி தண்ணீர். "கழுவினீங்களா?" என்றாய். "ஆமா" என்றேன். படகு இறக்குகிற அந்தச் சரிவில் தண்ணீர்க் குழாயே கிடையாது, சரவணா. நீ தரம் பார்க்கிறவன். இரண்டு பேர் இறக்கிய படகை ஏற்ற ஏன் நான்கு பேர் தேவைப்பட்டார்கள் என்று யோசி.

பெற்ற மகனை ஓட்டைப் படகில் ஏற்றினேன். இதைப் பொய்யாகச் சொல்லி எனக்கு என்ன லாபம்?

உண்மையை ஏன் முதல் நாளே சொல்லவில்லை என்று நீ கேட்பாய். பொய்யன் என்று என்னைச் சொன்னால் எனக்கு வலிக்காது. தெரியாதவன் என்று சொன்னால் தாங்க மாட்டேன். இது இந்தப் படகோடு வந்த நோய் இல்லை. உனக்குப் பதின்மூன்று வயதில் குளியலறையில் ஷாக் அடித்து விழுந்தாயே, தாடையில் ஐந்து தையல். அந்தச் சுடுநீர்ப் பெட்டியைப் பழையதாக வாங்கி நான்தான் மாட்டினேன். எர்த் கம்பி நீளம் போதவில்லை, அதனால் அதை வெட்டி உள்ளே மடித்துவிட்டேன். டாக்டரிடமும் சொந்தக்காரர்களிடமும் "ஈரக் கையோட சுவிட்சத் தொட்டான், சொன்னா கேட்க மாட்டான்" என்று சொன்னேன். "நான் தொடலப்பா" என்று நீ மூன்று முறை சொன்னாய். மூன்றாவது முறை உன்னை அறைந்தேன், தையல் போட்ட முகத்தில். மறுநாள் நீ பள்ளிக்கூடம் போன பிறகு புதுக் கம்பி வாங்கி இணைத்தேன். நீ தொடவில்லை. எனக்கு அப்போதே தெரியும். இருபத்தாறு வருடமாக இதை உன்னிடம் சொல்லாமல் இருந்தேன். ஒரு படகுக்காக இதைச் சொல்வேன் என்று நினைக்கிறாயா? படகு எனக்கு வேண்டாம். படகைத் திருப்பி வாங்கும் தந்திரம் இது என்றால், இவ்வளவு விலை கொடுத்து அதை வாங்க மாட்டேன்.

உன்னை மட்டும் நம்பி நான் சும்மா உட்காரவுமில்லை. போன வாரம், கைத்தடியோடு, இரண்டு பஸ் மாறி டெங்கில் போனேன். அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில், நீலப் படகு, மஞ்சள் வேல், இரண்டு பெண் பிள்ளைகள் என்று கேட்டேன். கடைக்காரர் ரொட்டி தட்டிக்கொண்டே, "அங்கிள், இங்க ஈயம் தோண்டின பழைய குட்டை எத்தன இருக்கு தெரியுமா? மூணு வீட்டுக்கு ஒரு சம்பான் படகு நிக்கும். ஆளு பேரு என்ன?" என்றார். தெரியாது என்றேன். "கார் நம்பர்?" தெரியாது. "பேரும் தெரியாது, நம்பரும் தெரியாது, வித்தது மட்டும் நீங்களா?" என்றார். மகன் விற்றான் என்றேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர், "அப்ப மகன்கிட்ட கேளுங்க லா அங்கிள்" என்றார். கடையே சிரித்தது. நான்கு தாமான் குடியிருப்புகளில் தெருத் தெருவாக நடந்தேன். ஏழு படகுகள் பார்த்தேன். எதிலும் வேல் இல்லை. ஒரு வீட்டில் நாய் துரத்தியது. கட்டுப் பிரித்த கால் வீங்கி, திரும்பி வரும்போது பஸ்ஸில் ஏற முடியாமல் இரண்டு பேர் தூக்கி ஏற்றினார்கள். போலீஸ் நிலையத்திலும் சொன்னேன். மரியாதையாகத்தான் கேட்டார்கள். விபத்து நடந்ததா? இல்லை. திருட்டா? இல்லை. வாங்கியவர் யார்? தெரியாது. மகனிடம் கேட்டு எண் வாங்கி வாருங்கள், நாங்களே பேசுகிறோம் என்றார் அந்த அதிகாரி. எல்லோரும் உன்னிடம்தான் அனுப்புகிறார்கள். சுபாங் ஜெயாவில் உன் அடுக்குமாடி வீட்டுக் காவல் வாசலுக்கும் வந்தேன். உள்ளே கேட்டுவிட்டு, "வீட்ல ஆள் இல்லையாம் அங்கிள்" என்றார் காவலாளி. கார் நிறுத்தும் மாடியில் உன் கார் நின்றது எனக்குத் தெரிந்தது.

என் கையெழுத்து யாருக்கும் புரியாது என்பதால், பிரிக்பீல்ட்ஸில் தமிழ் தட்டச்சு செய்து கொடுக்கிற ஒரு கடையில் உட்கார்ந்து இதைச் சொல்லச் சொல்ல எழுத வைக்கிறேன். தட்டச்சு செய்கிற பெண் நடுவில் நிறுத்திவிட்டு, "அங்கிள், இது கதையா, நெசமா?" என்று கேட்டது. நிஜம் என்றேன். "அப்ப ஏன் இவ்ளோ நீளமா எழுதுறீங்க? ரெண்டு வரியில சொல்லலாமே" என்றது. இரண்டு வரியில் சொல்லிப் பார்த்துவிட்டேன் அம்மா, நம்பவில்லை என்றேன். அந்தப் பெண் அதற்குப் பிறகு வேகமாக அடிக்கிறது. இது ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையில் வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். வந்தால் ஆறு நாள் இருக்கிறது.

நான் இன்னும் உன் மேல் கோபமாகத்தான் இருக்கிறேன். கேட்காமல் விற்றது தவறுதான். அதில் நான் இறங்கி வரமாட்டேன். ஆனால் நீ கேட்டிருந்தால் நான் விற்கவும் விட்டிருக்க மாட்டேன், ஒட்டையும் பிரித்திருக்க மாட்டேன். ஒருநாள் அந்த முகத்துவாரத்திலேயே மூழ்கிப் போயிருப்பேன். நான் உட்கார்ந்த இடத்தில் இப்போது இன்னொருவர் குடும்பம் உட்கார்ந்திருக்கிறது.

இனி ஆகவேண்டியவை.

சரவணா, இதைப் படித்து முடித்ததும் நீ அவருக்குப் போன் செய்ய வேண்டும். மறுநாள் இல்லை, வேலை முடிந்து இல்லை. அவர் எடுக்கவில்லை என்றால் நேரில் போக வேண்டும். என்னிடம் பேச வேண்டாம், என் எண்ணை நீ பிளாக் செய்திருந்தால் அதைத் திறக்கவும் வேண்டாம். அவரிடம் பேசு, போதும்.

மலர், அவன் செய்யவில்லை என்றால் நீ அவன் போனை எடுத்துச் செய்யம்மா. உன்னிடம் பொய் சொல்லிப் பதற வைத்ததற்கு நான் தனியாக மன்னிப்புக் கேட்கிறேன். இந்த ஒரு முறை பதறு.

சரவணன் அம்மா, தீபாவளி முடிந்த வாரம் நாங்கள் கடலுக்குப் போன அன்று நீ போன் செய்தாயா இல்லையா என்பதை அவனிடம் சொல். அது போதும், மற்றதை அவன் புரிந்துகொள்வான்.

மணியம் அண்ணே, நீங்கள் அன்று படகில் இருந்தீர்கள். படகை ஏற்ற எத்தனை பேர் இழுத்தோம் என்று சரவணனுக்குச் சொல்லுங்கள். முதல் பொய்யில் உங்களை இழுத்துவிட்டதற்குத் திட்டிக்கொள்ளுங்கள், ஆனால் முதலில் அவனுக்குப் போன் செய்யுங்கள்.

டெங்கில் பக்கம் இருப்பவர்கள், பன்னிரண்டடி நீலப் படகு, பின்னால் இடது பக்கம் மஞ்சள் வேல், லோரி இரும்பில் செய்த டிரெய்லர், இதைப் பார்த்தால் அந்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள். ஒரு சிறு தாளில் இந்த விவரத்தை அங்கே கோயில் வாசலிலும் சாப்பாட்டுக் கடையிலும் ஒட்டக் கொடுத்திருக்கிறேன். கிழித்துவிடாதீர்கள்.

படகை வாங்கிய ஐயா, உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. படகைத் தண்ணீரில் இறக்காதீர்கள். குட்டையில்கூட வேண்டாம். கவிழ்த்துப் போட்டு அந்த வேல் படத்தை ஒரு தகட்டால் சுரண்டுங்கள். பயப்பட வேண்டாம், அது சாமி இல்லை, நான் செய்த கோளாறை மூட நானே பூசிய பெயின்ட். பதினாறு ஸ்க்ரூ இருக்கும், எண்ணிப் பாருங்கள். அவற்றைக் கழற்றி, ஒட்டை உரித்து எறிந்துவிட்டு, அதே பிளாஸ்டிக் குச்சி வைத்து வெல்ட் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். ரெசின் பூசுகிறேன் என்று யாராவது சொன்னால் அனுப்பிவிடுங்கள். வேலை முடிந்ததும் சோப்புத் தண்ணீர் பூசி, வடிகால் மூடி வழியாகக் காற்றடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு குமிழி வந்தாலும் மறுபடி செய்யச் சொல்லுங்கள். இதெல்லாம் வேண்டாம் என்றால் படகை என் மகனிடம் திருப்பிக் கொடுங்கள், அவன் வாங்கிக்கொள்ள வேண்டும்.

நான் செய்ய வேண்டியவை இரண்டு. நாளைக் காலை அந்தச் சீனர் கடைக்குப் போய், அவர் சொன்னதே சரி என்று எல்லோர் எதிரிலும் சொல்லி, வெல்ட் செய்கிற ஆளின் பெயரை வாங்க வேண்டும். சனிக்கிழமை விடியும்போது மோரிப் பக்கம் படகு இறக்குகிற சரிவில் நிற்க வேண்டும். யாரும் கூட்டிப்போகாவிட்டாலும் முதல் பஸ்ஸில் போவேன். வேல் போட்ட படகு வந்தால் டிரெய்லர் சக்கரத்துக்கு முன்னால் படுத்துக்கொள்வேன். ஞாயிறும் நிற்பேன், திங்களும் நிற்பேன். விடுமுறை முடிகிற வரைக்கும் நிற்பேன். அவர் வேறு சரிவில் இறக்கினால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. எந்தச் சரிவு என்று அவரிடம் கேட்டுச் சொல்ல வேண்டியவன் நீ.

உன் அப்பா